தேன் சேர்த்த கோடைக்கால ஏல்: தேனை எப்போது சேர்ப்பது, எப்போது போத்தலில் அடைப்பது?

லெஸ்டர் தேனீ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு கோடைகளிலும் வீட்டில் தேன் ஏல், அதாவது தேன் சேர்த்த ஏல் வகைப் பீர், தயாரித்தேன். இரண்டு முறையும் வெவ்வேறு விதமாகத் தவறிப்போனது. இந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் என் மகளின் பட்டமளிப்பை ஒட்டி உறவினர்கள் கூடுகிறார்கள். அவர்களுக்கு என் கையால் செய்த, வெயிலுக்கு இதமான, தேன் மணக்கும் மெல்லிய பீரை ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே நடந்ததை எல்லாம் விவரமாக எழுதுகிறேன்.

முதல் முறை 23 லிட்டருக்கு 3 கிலோ மாரிஸ் ஓட்டர் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 1 கிலோ தேனும் எடுத்துக்கொண்டேன். மால்ட்டை 64 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தேன். அதிலிருந்து வடித்த இனிப்பு நீரான வோர்ட் கொதிக்கத் தொடங்கியபோதே தேன் முழுவதையும் ஊற்றி, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். தொடக்க அடர்த்தி 1.042, முடிவில் 1.004 (தண்ணீர் 1.000; சர்க்கரை நொதிக்க நொதிக்க இது இறங்கும்). பீர் பளிச்சென்று தெளிந்திருந்தது, ஆனால் வாயில் வைத்தால் தண்ணீர் போல மெலிந்து, நாக்கை வறளச் செய்தது. தேன் சேர்த்தது என்று நான் சொன்ன பிறகும் ஒருவராலும் அதை உணர முடியவில்லை.

இரண்டாம் முறை தேனை 700 கிராமாகக் குறைத்து, மால்ட்டை 67 பாகையில் ஊறவைத்து, நொதித்தல் தொடங்கிய நான்காம் நாள் பச்சைத் தேனைச் சூடாக்காமல் அப்படியே வாளியில் சேர்த்தேன். மணம் அருமையாக வந்தது. பன்னிரண்டாம் நாள் ஹைட்ரோமீட்டர் 1.010 காட்டியது, மறுநாளும் அதே அளவு இருந்ததால் சர்க்கரை சேர்த்துப் போத்தல்களில் அடைத்தேன். ஆறு கிழமை கழித்து, யூலை வெயிலில், மாடிப்படியின் கீழுள்ள அலுமாரிக்குள் மூன்று போத்தல்கள் வெடித்தன. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லாதது எங்கள் நல்லூழ். மீதியை வெளியே கொண்டுபோய், தடித்த கையுறை போட்டுத் திறந்தபோது நுரை பீறிட்டது. ஒன்றின் வாயுவை வெளியேற்றி அளந்து பார்த்தேன், அடர்த்தி 1.006 ஆக இறங்கியிருந்தது.

நொதித்தல் முடிந்துவிட்டது என்று கருவி காட்டிய பிறகு, 1.010-இலிருந்து 1.006 வரை அந்த நான்கு புள்ளிகள் எப்படி இறங்கின? தேனின் மணமும் வேண்டும், வெடிக்காத போத்தலும் வேண்டும் என்றால் தேனை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

கிளாஸ்கோ மழை எழுதியது:

நண்பரே, முதலில் யாருக்கும் காயம் படாததற்கு மகிழ்ச்சி. உங்கள் இரண்டு முயற்சிகளில் முதலாவதற்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

நான் நாசரேத் பக்கத்துப் பனங்காட்டு ஊரைச் சேர்ந்தவன். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் இனிக்கும், சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் இறங்கியது கள்ளாகிவிடும், கள் முதிர முதிர இனிப்பு போய்விடும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தேனும் அப்படித்தான். தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தச் சர்க்கரையில் மிகப் பெரும்பகுதி குளுக்கோசும் ஃபிரக்டோசும். இவை இரண்டையும் ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரையில் கால் பங்கு போல ஈஸ்ட்டால் தொட முடியாத மாச்சர்க்கரையாக நின்று, பீருக்குக் கனத்தைக் கொடுக்கிறது. ஆகவே தேனைக் கூட்டக் கூட்டப் பீர் இனிப்பதற்குப் பதிலாக மெலிகிறது. உங்கள் முதல் பீரில் நொதிக்கும் சரக்கில் பத்தில் மூன்று பங்கு தேன். போதாததற்கு 64 பாகையில் ஊறவைத்ததால் மால்ட்டும் முழுமையாக நொதிக்கும்படி ஆகிவிட்டது. அந்த மெலிவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தேனை ஏழில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். ஊறவைக்கும் சூட்டை 68 பாகைக்கு உயர்த்துங்கள். கொஞ்சம் கோதுமை மால்ட் சேர்த்தால் நுரையும் நிற்கும், வாயில் ஒரு மென்மையும் கிடைக்கும்.

வெள்ளை மாளிகை 2012 செப்டம்பர் 1 அன்று வெளியிட்ட தேன் ஏல் செய்முறையை நான் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறேன். தெற்குப் புல்வெளியில் இருந்த கூடுகளின் தேனில் ஒரு பவுண்டு மட்டும்தான் ஐந்து கேலனுக்குச் சேர்த்திருந்தார்கள், அதையும் கொதி முடியும் தறுவாயில். அதில் நான் மதிக்கும் முடிவு ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்த விதம். அவர்கள் போட்ட வின்ட்சர் என்ற ஈஸ்ட், மால்ட்டில் உள்ள மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையை நொதிக்காது. தேன் கனத்தைக் குறைக்கும் இடத்தில் ஈஸ்ட் கனத்தை மீதி வைக்கிறது. அதற்கு மேல் கிரிஸ்டல், பிஸ்கட் என்ற வறுத்த மால்ட் வகைகளும் சேர்வதால், குடிப்பவர் தேன் என்று நினைத்துச் சுவைப்பதில் பாதி மால்ட்டின் இனிப்புதான்.

கென்ட் தேன்கூடு எழுதியது:

நான் பதினான்கு ஆண்டுகளாகத் தேனீ வளர்க்கிறேன். பீர் என் கணவரின் துறை. வெடித்த போத்தல்களைப் பற்றி என் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியது இருக்கிறது.

பச்சைத் தேனுக்குள் இரண்டு விஷயங்கள் உயிர்ப்போடு இருக்கின்றன. ஒன்று காட்டு ஈஸ்ட். தேன் கெட்டியாக இருக்கும்வரை அதனால் பெருக முடியாது. தண்ணீரோடு கலந்ததும் விழித்துக்கொள்ளும். இன்னொன்று தேனீயின் சுரப்பியிலிருந்து வரும் டயஸ்டேஸ் என்ற நொதி. அது மாவுப்பொருளை உடைக்கும் நொதி. தேன் அதிகமாகச் சூடாக்கப்படவில்லை என்பதற்கு அடையாளமாக ஐரோப்பியத் தேன் விதிகளே டயஸ்டேஸ் எண் பொதுவாக 8-க்குக் குறையக் கூடாது என்று கேட்கின்றன. அதாவது நல்ல தேன் என்று நீங்கள் தேடி வாங்கும் தேனில் அந்த நொதி நிச்சயம் இருக்கும். கொதிக்கவைத்த வோர்ட்டில் மால்ட்டின் சொந்த நொதிகள் எல்லாம் செத்துவிடுகின்றன. அதன்பிறகு பச்சைத் தேனைச் சேர்ப்பது, கிளாஸ்கோ நண்பர் சொன்ன அந்தத் தொட முடியாத மாச்சர்க்கரையை மெல்ல மெல்ல உடைக்கக்கூடிய ஒன்றைப் பீருக்குள் புதிதாக விடுவதாகும். பீரின் புளிப்பும் குளிர்ச்சியும் அதன் வேகத்தைக் குறைக்குமே ஒழிய நிறுத்திவிடாது. அந்த நான்கு புள்ளிகளில் ஒரு பகுதி இதனால் இறங்கியிருக்கலாம் என்பது என் கணிப்பு.

தேனின் வகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. இங்கு வசந்தத்தில் முதலில் எடுக்கும் கடுகினப் பூத்தேன் விரைவில் வெண்ணெய் போல உறைந்துவிடும், மணம் மிகக் குறைவு; அதைப் பீரில் ஊற்றுவது சர்க்கரை ஊற்றுவதற்குச் சமம். ஹெதர் புதர்த்தேன் கூழ் போல இருக்கும், மணம் மிகக் கடுமை. மெல்லிய ஏலை அது அமுக்கிவிடும். சுண்ணாம்பு மரம் என்று தவறாக மொழிபெயர்க்கப்படும் லைம் மரத்தின், அதாவது லிண்டனின், பூத்தேனில் புதினாவை நினைவூட்டும் ஒரு குளிர்ந்த வாசம் உண்டு. என் பரிந்துரை அதுதான். பேரங்காடியில் பல நாட்டுத் தேன்களைக் கலந்து விற்கும் பிழிகுப்பியை வாங்காதீர்கள்.

லெஸ்டர் தேனீ எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. நான் சேர்த்தது அந்த வெண்ணெய் போன்ற தேன்தான், முதல் முறை. இரண்டாம் முறை உள்ளூர்ச் சந்தையில் வாங்கிய பலபூத் தேன்.

ஆனால் இப்போது எனக்கு ஒரு குழப்பம். நொதியையும் காட்டு ஈஸ்ட்டையும் கொல்லச் சூடாக்க வேண்டும் என்றால் மணம் போய்விடும். மணத்தைக் காக்கச் சூடாக்காமல் விட்டால் போத்தல் வெடிக்கும். இதற்கு நடுவே ஒரு சூடு இருக்கிறதா?

பிரிஸ்பேன் முற்றம் எழுதியது:

ஐயா, அப்படி ஒரு நடுச் சூட்டைத் தேடி மெனக்கெட வேண்டாம் என்பேன். அடுப்பை அணைத்து, வோர்ட் 80 பாகை அளவுக்கு ஆறியதும் தேனைச் சேர்த்துக் கலக்கி, கால் மணி நேரம் மூடிவைத்து, பிறகு குளிர்வித்து ஈஸ்ட் போடுங்கள். காட்டு ஈஸ்ட் செத்துவிடும், கொதியில் ஆவியாகும் மணத்தில் பெரும்பகுதி தங்கும், கடைசி அடர்த்தியும் ஊகிக்கத்தக்கதாக இருக்கும். நான் டாஸ்மேனியாவின் லெதர்வுட் தேனை இப்படித்தான் சேர்க்கிறேன். அதன் மணம் எதற்கும் அடங்காத மணம், நொதித்தலையும் தாண்டி நிற்கிறது.

எனக்குத் தேனைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். எங்களுக்குக் கோடைக்காலமான டிசம்பரில் எங்கள் முற்றத்தில் 30 பாகைக்குக் கீழே வாளியை வைக்க இடமே கிடையாது. வழக்கமான ஆங்கில ஈஸ்ட் அந்தச் சூட்டில் கரைப்பான் வாசம் அடிக்கும். அதனால் நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காத்துவந்த குவெய்க் ஈஸ்ட்டுக்கு மாறினேன். அதில் வோஸ் என்ற வகை 35 பாகைக்கு மேலும் ஒழுங்காக வேலை செய்கிறது. மெல்லிய ஆரஞ்சு வாசத்தை விட்டுச் செல்வதால் தேனோடு நன்றாக ஒத்துப்போகிறது.

இன்னொரு வழியும் உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆம்ஸ்ட்ராங் ஊரில் இருக்கும் காம்பிரினஸ் ஆலை ஹனி மால்ட் என்று ஒன்றைத் தயாரிக்கிறது. அதில் துளித் தேனும் கிடையாது. ஆனால் தேன் போன்ற இனிப்பும் வாசமும் வரும், அந்த இனிப்பு நொதித்துக் கரைந்தும் போகாது. 23 லிட்டருக்கு 150 கிராமுக்கு மேல் போட வேண்டாம், பீர் திகட்டிவிடும்.

கிளாஸ்கோ மழை எழுதியது:

பிரிஸ்பேன் நண்பரின் முறை பாதுகாப்பானது என்பதை ஏற்கிறேன். ஆனால் லெதர்வுட் போன்ற முரட்டுத் தேனுக்கு அது போதும், லைம் பூத்தேனுக்குப் போதாது. சூட்டை விடப் பெரிய திருடன் நொதித்தல்தான். முதல் மூன்று நாட்கள் பொங்கிப் பொங்கி வெளியேறும் கரியமில வாயு, தேனின் மெல்லிய வாசத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு காற்றுப்பூட்டு வழியாகப் போய்விடுகிறது. தேன் ஏல் நொதிக்கும் அறையில் மணம் அள்ளுகிறது என்றால், அந்த மணம் கோப்பைக்கு வராது என்று பொருள். அதனால்தான் நொதித்தலின் பொங்கு அடங்கிய பிறகு தேனைச் சேர்க்கச் சொல்கிறேன்.

நடுச் சூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். காட்டு ஈஸ்ட்டுக்கு அப்படி ஒன்று உண்டு. தேன் சாடியை மூடியோடு வெந்நீரில் இறக்கி, உள்ளே தேன் 65 பாகைக்கு வந்ததும் பத்து நிமிடம் அந்தச் சூட்டில் நிறுத்தி, மூடியைத் திறக்காமலே ஆறவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும். வாசமும் சாடிக்குள்ளேயே அடங்கும். ஆனால் டயஸ்டேஸ் அவ்வளவு எளிதில் சாகாது. 80 பாகையில்கூட ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் அதில் பாதி போல மிஞ்சியிருக்கும். பிரிஸ்பேன் முறையின் கால் மணி நேரமும் அதை முழுவதும் கொன்றுவிடாது என்பதைக் கவனிக்கவும். ஆகவே நொதியைக் கொல்லப் பார்க்காமல், அது தன் வேலையை வாளிக்குள்ளேயே முடித்துவிடும்படி அவகாசம் கொடுங்கள்.

எவ்வளவு அவகாசம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. தேன் சேர்த்துக் கலந்த அன்றே அரை லிட்டர் பீரைச் சுத்தமான குப்பியில் எடுத்து, ஒரு சிட்டிகை கூடுதல் ஈஸ்ட் போட்டு, 25 பாகைச் சூடுள்ள இடத்தில் வைத்து, தினமும் குலுக்கி வாருங்கள். அந்தக் குப்பி வாளியைவிட முன்னதாகவே கடைசி அடர்த்திக்கு இறங்கிவிடும். அது 1.006 என்று காட்டினால் வாளியும் அந்த இடத்துக்கு வந்தே தீர வேண்டும். வாளி 1.010-இல் நின்றால் அது முடியவில்லை, களைத்திருக்கிறது. இரண்டாம் முறை உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த இரண்டு நாள் அளவு ஒன்றாக இருப்பதை வைத்து, அதுவும் அறை குளிர்ந்திருந்தால், எந்த முடிவுக்கும் வர முடியாது.

கணக்கையும் பாருங்கள். அடர்த்தி ஒரு புள்ளி இறங்கினால், பீரின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி அளவு வாயு உண்டாகிறது. நான்கு புள்ளிகள் என்றால் இரண்டு மடங்கு. சர்க்கரை சேர்த்து நீங்கள் எதிர்பார்த்தது 2.4 மடங்கு இருக்கும். ஆக மொத்தம் 4.4. சாதாரண ஏல் போத்தல் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல.

சேலம் வாசகர் எழுதியது:

இந்த இழையை ஆவலோடு வாசித்து வருகிறேன். சேர்வராயன் மலைத்தேன் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். மால்ட்டையும் ஈஸ்ட்டையும் இணையத்தில் வாங்க முடிகிறது. வீட்டுத் தேவைக்கு மட்டும் ஐந்து லிட்டர் செய்து பார்க்கலாமா?

கென்ட் தேன்கூடு எழுதியது:

தம்பி, வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதையே குற்றமாக்குகிறது. விற்காமல் வீட்டுக்குள் வைத்துக் குடித்தாலும் அது குற்றம்தான். இங்கு பிரிட்டனில் 1963-இல் நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மோட்லிங் வீட்டுத் தயாரிப்புக்கான உரிம முறையை நீக்கினார். அதனால்தான் நாங்கள் இதை வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்களும் ஒரு போத்தலைக்கூட விற்க முடியாது.

மலைவாணர் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்ததைச் சங்கப் பாடல்கள் தேறல் என்கின்றன. தேறுதல் என்றால் தெளிதல். என் கணவர் போத்தலில் ஒட்டும் தாளில் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்.

லெஸ்டர் தேனீ எழுதியது:

எல்லோருடைய சொல்லையும் வைத்து ஒரு செய்முறை எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தவும்.

23 லிட்டருக்கு மாரிஸ் ஓட்டர் 3.1 கிலோ, கோதுமை மால்ட் 400 கிராம். குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்க முந்திய இரவே அரைக் கேம்ப்டன் மாத்திரை. 68 பாகையில் ஒரு மணி நேரம் ஊறல். ஒரு மணி நேரக் கொதியின் தொடக்கத்தில் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவில் கிழக்குக் கென்ட் கோல்டிங்ஸ் வகை 30 கிராம், கடைசிப் பத்து நிமிடத்துக்கு 20 கிராம். கசப்பு 20 அலகு அளவில் நிற்கும். தொடக்க அடர்த்தி 1.034. எஸ் 04 ஈஸ்ட், 19 பாகை. அடர்த்தி 1.014-க்கு இறங்கியதும், இங்கு ஒரு பவுண்டுச் சாடியாக விற்கும் 454 கிராம் லைம் பூத்தேனை மேலே சொன்னபடி சூடாக்கி ஆறவைத்துச் சேர்ப்பேன். தேன் ஆறு புள்ளிகளுக்குச் சமம் என்பதால் உண்மையான தொடக்கம் 1.040 என்று கொண்டால், 1.007-இல் முடியும்போது மதுச்சத்து 4.3 விழுக்காடு வரும்.

கிளாஸ்கோ மழை எழுதியது:

செய்முறை நன்று. இரண்டே திருத்தங்கள். கெட்டித் தேனை அப்படியே ஊற்றினால் வாளியின் அடியில் போய்ப் படுத்துவிடும். கலக்கினால் காற்று புகுந்து, சில வாரத்தில் ஈர அட்டை வாசம் வரும். வெளிர் நிற ஏலில் அந்தக் குறையை மறைக்க எதுவும் இல்லை. ஆகவே கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தேனைக் கரைத்து, குழாய் வழியாக, பீரின் மேற்பரப்புக்குக் கீழே மெல்ல இறக்குங்கள்.

அடுத்தது, போத்தலுக்கும் தேனையே சேர்க்கும் ஆசை வந்தால் இந்த முறை தவிர்த்துவிடுங்கள். தேனின் ஈரப்பதம் சாடிக்குச் சாடி மாறும், உறைந்த தேன் எல்லாப் போத்தலிலும் ஒரே அளவாகப் பரவாது. வெள்ளைச் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், அதாவது 23 லிட்டருக்கு 138 கிராம், கொதிநீரில் கரைத்துச் சேர்த்தால் 2.4 மடங்கு சரியாக வரும்.

உங்கள் லெஸ்டர் தண்ணீர் கடினமானது என்றால், வெளிர் மால்ட்டுக்கு அதன் காரத்தன்மையைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கலாம். கேட்ரின் ஏரியின் மென்னீர் வரும் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நாங்கள் எதிர்மாறாக ஜிப்சம் சேர்க்கிறோம்.

லெஸ்டர் தேனீ எழுதியது, எட்டு வாரங்களுக்குப் பிறகு:

சொன்னபடியே செய்தேன். தேன் சேர்த்தது ஐந்தாம் நாள். சோதனைக் குப்பி ஆறே நாளில் 1.006-க்கு வந்து நின்றது. வாளியோ பதினொன்றாம் நாள் 1.010-இல் நின்று, மூன்று நாள் அசையவே இல்லை. குப்பி இல்லாதிருந்தால் போன முறை போலவே அடைத்திருப்பேன். வாளியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, 21 பாகைச் சூட்டில் வைத்தேன். மெல்ல இறங்கி, இருபத்திரண்டாம் நாள் 1.007, இருபத்தைந்தாம் நாளும் இருபத்தொன்பதாம் நாளும் 1.006. அதன் பிறகே அடைத்தேன். அரை லிட்டர் போத்தல்கள் 42 கிடைத்தன. இந்த முறை அவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் வைத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு குளிரறைக்கு மாற்றினேன்.

நேற்று முதலாவதைத் திறந்தேன். ஒழுங்கான சீற்றம், வைக்கோல் நிறம், வெள்ளை நுரை. முகர்ந்தவுடன் தேன் வருகிறது; இனிப்பாக இல்லை, சாடியைத் திறக்கும் கணத்தில் எழுமே, அந்த வாசம். விழுங்கிய பிறகு மெல்லிய குளிர்ச்சி ஒன்று தங்குகிறது. அக்கா சொன்ன லைம் பூவின் குணம் அதுதான் என்று நினைக்கிறேன். குறை என்று சொன்னால், கோல்டிங்ஸை இன்னும் பத்து கிராம் கூட்டியிருக்கலாம். கசப்பு சற்று முன்னதாகவே மறைந்துவிடுகிறது.

கென்ட் தேன்கூடு எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. மகளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள். இங்கு லைம் மரங்கள் பூத்து ஓய்ந்துவிட்டன. அடுத்த வாரம் தேன் எடுக்கிறோம். உங்களுக்கு இரண்டு சாடி தனியாக எடுத்து வைக்கிறேன். அதில் ஒன்றை அடுத்த முறை பிரிஸ்பேன் நண்பரின் முறைப்படி 80 பாகையில் சேர்த்து, மற்றதை உங்கள் முறைப்படி சேர்த்து, அருகருகே ஊற்றிப் பார்த்து எழுதுங்கள்.